ஒருநடையார் சேர்த்த குழு

கல்வி அலுவலகத்தில் அவருக்கு ஒருநடையார் என்று பெயர். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படாமல் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தார் என்பதுதான் வேடிக்கை. அலுவலக வேன் ஒரே நடையில் போய் ஒரே நடையில் திரும்ப வேண்டும், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். உத்தியோக வாழ்க்கை முழுவதும் யோசித்து அவர் கண்டுபிடித்த தத்துவம் இது ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு உதவியாளர், மாதாமாதம் சம்பளம் எல்லாம் தேவைப்பட்டன.

அவர் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை வகுப்பில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினால், பள்ளிக்கூடம் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். அலுவலகம் நிபுணர்களைச் சேர்த்து ஒரு குழு அமைக்கும். குழு அந்தப் பிள்ளையைப் பார்த்து, இன்ன உதவி கொடுத்தால் இதே பள்ளியில் படிக்கும் என்றோ, நகரத்தின் கடைசியில் மதில் சுவருக்குள் இருக்கும் தனிப்பள்ளிக்குப் போகட்டும் என்றோ முடிவு சொல்லும். அந்த முடிவு பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வளரும். பிறகு யார் உரித்தாலும் லேசில் வராது. குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் ஒருநடையாரின் பொறுப்பு. பேச்சில் சிக்கல் என்றால் பேச்சுப் பயிற்சியாளர், கண்ணில் சந்தேகம் என்றால் கண் டாக்டர் என்று பிள்ளைக்குத் தகுந்த ஆளைப் போட வேண்டும் என்பது விதி. விதி போட்டவர்கள் வேனில் ஏறிப் பார்த்ததில்லை என்பது ஒருநடையாரின் வாதம்.

இவ்வளவு பெரிய பொறுப்புக்கு அவர் எப்படி வந்தார்? முதலில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளின் சத்தம் அவருக்கு ஆகவில்லை. வண்ணத்தைச் சட்டையில் பூசிக்கொண்டு வந்து நின்றால் எரிச்சல், சந்தேகம் கேட்டால் எரிச்சல், சும்மா சிரித்தால்கூட எரிச்சல். தலைவலி என்று சொல்லிச் சொல்லியே மாற்றல் கேட்டு, யார் யார் வீட்டு வாசலிலோ நின்று, கடைசியில் அலுவலக வேலையைப் பிடித்தார். பிள்ளைகள் வேண்டாம் என்று ஓடி வந்த மனிதரிடம் பிள்ளைகளின் தலைவிதியைத் தூக்கிக் கொடுத்தார்கள். மேலிடத்தில் இருந்தவர்களின் மூளையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் சேர்த்த குழுவைப் பார்க்க வேண்டும். பிள்ளை மாறும், பள்ளி மாறும், குழு மட்டும் மாறாது. உளவியலாளர் ஒருவர். பிள்ளை நாற்காலியில் உட்காருவதற்குள் முதல் கேள்வியைக் கேட்டுவிடுவார், பதில் வருவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். அடுத்தவர் டாக்டர். குழுவில் டாக்டர் வேண்டும் என்று விதி சொல்கிறது, இவரும் டாக்டர்தான், ஆனால் தோல் டாக்டர். வேன் திரும்பும் வழியிலேயே அவர் கிளினிக் இருந்தது, அதுதான் தகுதி. படை, சொறி எதுவும் இல்லாவிட்டால் பிள்ளை ஆரோக்கியம் என்று கையெழுத்துப் போடுவார். மூன்றாமவர் பிசியோதெரபிஸ்ட், வேன் ஓட்டுநரின் பக்கத்து வீட்டுக்காரர். கணக்கு வராத பிள்ளையானாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையானாலும் அவர் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். நின்றால் தலையாட்டுவார். நிற்காவிட்டாலும் தலையாட்டுவார். நான்காவதாக ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. மற்ற மூவரும் என்ன சொன்னாலும் "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்பதைத் தவிர அந்த அம்மாள் வேறு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்த நால்வரையும் ஒருநடையார் "அனுபவஸ்தர்கள்" என்பார். அனுபவம் என்றால் வேனில் ஏறி இறங்கிய அனுபவம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்தார். அலுவலகத்தில் அவரைப் பாலத்தம்மா என்பார்கள். ஒருநடையார் வேலைக்கு வந்த புதிதில், விவரம் தெரியாமல், அந்த அம்மாவைக் குழுவில் போட்டுவிட்டார். வந்தவர் நாற்காலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய பையனோடு தரையில் உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் கேள்வியே கேட்கவில்லை. சும்மா கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தோல் டாக்டர் இருப்புக்கொள்ளாமல் தவித்தார், உளவியலாளர் கடிகாரத்தையே முறைத்தார். பாலத்தம்மா சாயந்தரம் வரை இருந்துவிட்டு, ஒரு நாளில் இந்தப் பையனைப் பற்றி முடிவு சொல்வது பாவம், வீட்டிலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களைக் கொண்டு விட்டுவிட்டு வேன் மறுபடி வர வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது நடையை ஒருநடையார் மன்னிக்கவே இல்லை. அதோடு பாலத்தம்மாவுக்குக் கதவைச் சாத்தினார். பாலத்தம்மா நேரில் வந்து, பேச்சில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்காவது தன்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டார். பார்க்கலாம் என்றார் ஒருநடையார். அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் பார்க்கவே மாட்டேன் என்று அர்த்தம்.

பெற்றோர்களை அவர் சமாளித்த விதம் இதைவிடக் கேவலம். எங்கள் பிள்ளைக்கு இன்ன நிபுணர் வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். கேட்டால் அலுவலகம் சில வாரங்களுக்குள் அந்த ஆளைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இது ஒருநடையாருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை. தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், முகத்தில் அக்கறையை வரவழைத்துக்கொண்டு, "கேக்கலாம்மா, தாராளமா கேக்கலாம். ஆனா ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். பிள்ளையோட ஒரு வருஷம் வீணாப் போகணுமா, நீங்களே சொல்லுங்க" என்பார். எந்தத் தாய் போகட்டும் என்பாள்? மென்று விழுங்கிக்கொண்டு, இருக்கிற குழுவே பார்க்கட்டும் என்று விடுவார்கள். பச்சைப் பொய். கூசாமல் சொன்னார், எத்தனையோ வருஷம் சொன்னார். ராத்திரி நன்றாகவும் தூங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அதிகம் பேச மாட்டாள். அவள் கணவர் லாரி ஓட்டுநர், வீட்டில் இருக்கும் நாளைவிடச் சாலையில் இருக்கும் நாள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காலையில் கண் விழித்தது முதல் வாய் ஓயாது. ஒருநடையார் தங்கை வீட்டுக்குப் போனால் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவரை ஓட ஓடத் தோற்கடிப்பாள். எப்படித்தான் தன் கையில் இருக்கிற சீட்டெல்லாம் இவளுக்குத் தெரிகிறது என்று அவர் பல நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் அவளே மனமிரங்கிச் சொன்னாள்.

"மாமா, உங்க சீட்டெல்லாம் உங்க மூக்குக் கண்ணாடியில தெரியுது."

பிள்ளைகள் என்றாலே காததூரம் ஓடுகிற மனிதர் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குப் பிடித்த ஒரே பிள்ளை அவள்தான்.

அந்த வாயாடி பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்வாள். ஒரு வார்த்தை வராது. ஆசிரியை கேட்டாலும் இல்லை, பக்கத்துப் பிள்ளை கிள்ளினாலும் இல்லை. அடம் இல்லை, திமிர் இல்லை. புது மனிதர்கள் முன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அவளால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்று வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். பள்ளியில் அவளை ஊமை என்றார்கள். பிறகு மக்கு என்றார்கள். கடைசியில், குழு வைத்துப் பார்த்துவிடலாம் என்று தலைமையாசிரியர் எழுதிவிட்டார்.

இது ஒருநடையார் காதுக்கும் வந்தது. அவருடைய நால்வர் முன்னால் இந்தப் பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கடிகாரக்காரர் கேட்பார், இவள் பேச மாட்டாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள், நிற்க மாட்டாள். அறிவு போதாது என்று ஒருவர் சொல்வார், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு என்று அந்த அம்மாள் முடித்து வைப்பாள். சாப்பாட்டு நேரத்துக்கு வேன் திரும்பிவிடும், வாயாடி மதில் சுவருக்குள் போய்விடுவாள்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்கு ஓடினார். தங்கை அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், யார் பார்த்தால் நல்லது என்று. ஒருநடையார் மூச்சு விடாமல் அடுக்கினார். பேச்சுக்குப் பாலத்தம்மாதான், அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழந்தைகளுக்கென்றே படித்த உளவியலாளர் ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வீட்டுக்கு வந்து பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பாள். டாக்டர் என்றால் குழந்தை நரம்பியல் படித்தவராக இருக்க வேண்டும். யார் கெட்டிக்காரர், யார் பொறுமைசாலி, யார் பிள்ளைக்காகச் சண்டை போடுவார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

தங்கை குழாயை மூடினாள்.

"இவ்வளவு தெரியுமா அண்ணா உனக்கு? அப்ப மத்த பிள்ளைங்களுக்கும் இவங்களைத்தான் போடுவியா?"

"அது வேற," என்றார் ஒருநடையார்.

தெரியாமல் செய்தார் என்றால்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, ஒவ்வொரு பிள்ளைக்கும் தோல் டாக்டரைப் போட்டிருக்கிறார். அதற்கு அவரிடம் இருந்த பதில் இந்த இரண்டு வார்த்தை. தங்கை ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. சொந்தக்காரப் பிள்ளைக்கு அவரே ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதனால் காரியம் பக்கத்துப் பகுதி அலுவலகத்துக்குப் போனது. அங்கே அந்த வேலையைப் பார்த்தவன் முன்பு இவரிடம் உதவியாளராக இருந்தவன். அவனுக்கு நகல் என்று பெயர். இவரைப் போலவே தலை வாருவான், இவரைப் போலவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவான், இவர் சொன்ன பொய்களை இவர் குரலிலேயே சொல்வான். ஒருநடையார் மார்தட்டிக்கொள்கிற ஒரே மாணவன் அவன்தான்.

ஒருநடையார் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குழைந்தார். பாலத்தம்மாவைக் குழுவில் போட முடியுமா என்று கேட்டார். நகலுக்கு ஒன்றும் புரியவில்லை. சார் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"அவங்க நம்ம ரூட்ல இல்லையே சார். ரெண்டு நடை ஆயிடும். நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க."

இதற்கு ஒருநடையார் என்ன சொல்ல முடியும்? நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று சொல்லியிருக்கலாம். அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னார். பாலத்தம்மாவிடமே ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார். கூப்பிட வேண்டியது அலுவலகம், கூப்பிட்டால் அடுத்த நிமிடம் கிளம்பி வருவேன் என்று பதில் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. தங்கையே கேட்க வேண்டும். ஒரு வருஷம் ஆகும் என்று நகல் சொன்னால், அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. சொன்னால், பொய் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். எப்படியாவது நடந்துவிடும், நகல் குறிப்பறிந்து நடந்துகொள்வான் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு நாளைக் கடத்தினார். பிள்ளையின் வாழ்க்கையைவிடத் தங்கையின் முன்னால் தன் மூஞ்சி அவருக்குப் பெரிதாக இருந்தது.

குழு கூடும் நாள் வந்தது. லாரிக்காரர் ஊரில் இல்லை. தங்கையோடும் வாயாடியோடும் ஒருநடையார் போனார். பக்கத்துப் பகுதி அலுவலகத்தின் நடைவழியில் இரண்டு பெஞ்சுகள். பெற்றோர்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ பேரை அப்படி உட்கார வைத்தவர், இன்றைக்குத்தான் முதல் முறையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சின் ஒரு கால் ஆடியது. இதைக்கூடச் சரி செய்ய மாட்டார்களா என்று அவருக்குக் கோபம் வந்தது. அவர் அலுவலகத்துப் பெஞ்சுக்கும் ஒரு கால் ஆடத்தான் செய்தது.

வேன் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். ஆள்தான் வேறு, அதே சரக்கு. முதலில் இறங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தவர் பல் டாக்டர் என்று பிறகு தெரிந்தது. வீட்டிலிருந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த வாயாடி அவர்களைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். அம்மாவின் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

நகல் வெளியே வந்து, சாரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, முதலில் நம்ம பிள்ளையையே பார்த்து அனுப்பிவிடலாம் என்றான். அது அவன் செய்த சலுகை.

தங்கை எழுந்தாள். தன் மகள் புது ஆள் முன்னால் பேச மாட்டாள், அது தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் யாராவது வந்து பார்க்க முடியுமா என்று நிதானமாகக் கேட்டாள். நகல் முகத்தில் அக்கறையை வரவழைத்துக்கொண்டான்.

"கேக்கலாம்மா, தாராளமா கேக்கலாம். ஆனா ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். பிள்ளையோட ஒரு வருஷம் வீணாப் போகணுமா, நீங்களே சொல்லுங்க."

ஒரு எழுத்து மாறவில்லை. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட மாறவில்லை. ஒருநடையார் தன் குரலையே வேறொருவன் வாயில் கேட்டு வியர்த்துப்போனார்.

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். "நிஜமா அண்ணா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நகலும் பார்த்தான், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. ஒருநடையார் தொண்டையைக் கனைத்தார். எழுந்து நின்று உரக்கச் சொல்லியிருந்தால், இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவர் குனிந்தார். தங்கையின் காதருகே வாயைக் கொண்டுபோய், பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு, முணுமுணுவென்று சொன்னார். தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நியாயம் கிடைத்தால் போதும், அதுவும் யாருக்கும் தெரியாமல் கிடைக்க வேண்டும்.

தங்கை கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, மருந்துக்கடையில் வரிசையில் நிற்பவர்களுக்கு மருந்து சாப்பிடும் முறையைச் சொல்வதுபோல, நடைவழி முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு வருஷம்லாம் ஆகாதாம். நாம கேட்டாலே சில வாரத்துல கூட்டிக்கிட்டு வந்தாகணுமாம். எந்தப் பிள்ளைக்கு எந்த ஆள் வேணும்னாலும் கேக்கலாமாம். எங்க அண்ணன் சொல்றார். இதே வேலையில இத்தனை வருஷமா இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா?"

நகலின் முகத்தில் ஈயாடவில்லை. சாரைப் பார்த்தான். சார் ஆடுகிற பெஞ்சுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு டீச்சர் வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் தங்கை. நகல் எழுதிக்கொண்டான். பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து, அப்படியானால் எங்கள் பிள்ளைக்குக் கண் டாக்டர் வேண்டும் என்றார். இன்னொருத்தி எழுந்தாள். நடைவழி சந்தைக்கடை ஆயிற்று. பல் டாக்டர் வேன் பக்கம் நழுவினார்.

கூட்டத்தில் இருந்து ஒரு பெண் ஒருநடையாரிடம் வந்தாள். இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை. இவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. இவருக்கு அவளைத் தெரியவில்லை. முகங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"என் மூத்தவனுக்கு நீங்கதான் சார் ஆள் போட்டீங்க. இப்ப வீடு மாத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டோம். பேச்சு டீச்சரைப் போடுங்கன்னு நான் கேட்டேன் சார். ஒரு வருஷம் ஆகும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவளைப்போலக் கேட்டாள். ஒருநடையார் அசடு வழிந்தார். எந்தப் பையன் என்று கேட்டு வைத்தார்.

"ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டான். வீட்டுல பேசிக்கிட்டே இருப்பான். மதில் ஸ்கூலுக்கு அனுப்பினீங்களே, அவன்தான்." இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "இப்ப வீட்டுலயும் பேசறதில்ல சார்."

வாயாடி கைப்பையில் இருந்து முகத்தை எடுத்து மாமாவைப் பார்த்தாள். இவள் கண்ணில் இருந்து எதையும் மறைக்க முடியாது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். தங்கையும் நின்றாள். ஒருநடையார் படியில் தட்டுத் தடுமாறி இறங்கி, வேன் எப்போது கிளம்பும் என்று ஓட்டுநரிடம் கேட்டார். வேலை எதுவும் நடக்கவில்லை, இப்போதே கிளம்ப வேண்டியதுதான் என்றார் ஓட்டுநர். நிபுணர்கள் நால்வரும் ஏறியிருந்தார்கள். பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டார்.